மட்டை யாருடையது?

பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு வருஷத்தில் ஒரு நாள் நியாயாதிபதியாகும் பாக்கியம் கிடைக்கிறது. கிரிக்கெட் கோஷ்டிக்குக் காப்டனை நியமிக்கும் நாள்தான் அது. சென்ற வருஷம் அந்தப் பாக்கியத்தை நாம் உபயோகித்த விதத்தைச் சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. எந்தப் பையனிடம் நல்ல மட்டை இருந்ததோ, அவனையே காப்டனாக்கினோம். மூன்றாவது பந்தயத்தில், தான் அவுட்டானதும் அந்தப் பிள்ளையாண்டான் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். மற்றவர்கள் விரிசல் விட்ட பழைய மட்டையால் ஆடினார்கள். முடிவு என்னவாயிற்று என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை லஸ் வழியே திரும்பி வரும்போது நமக்குப் புச்சிபாபு நாயுடுவின் ஞாபகம் வந்தது. அவரும் மட்டைக்குச் சொந்தக்காரர்தான்!

மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு என்ற முழுப் பெயர் இன்று யாருக்கும் தெரியாது; புச்சிபாபு என்றால் சென்னையில் கிரிக்கெட் ஆடும் சிறுவனுக்கும் தெரியும். 1868ல் பிறந்தவர். பாரி கம்பெனியின் துபாஷாக விளங்கிய பாட்டனாரின் செல்வத்தில், மயிலாப்பூர் லஸ் ஹவுஸில், ஆங்கிலேயத் தாதிமாரிடம் வளர்ந்தார். அந்தக் காலத்தில் சேப்பாக்கம் மைதானம் 1846ல் ஏற்பட்ட வெள்ளைக்காரர் கிளப்பின் கையில் இருந்தது. அங்கே ஆடப் போகும் இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடம் கிடையாது. மத்தியான போஜனம் மரத்தடியில்தான்.

கோபம் வந்தால் கூட்டம் கூட்டிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவது நம்மவர் வழக்கம். புச்சிபாபுவோ 1888ல் எஸ்பிளனேடு பக்கத்தில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்தார். அப்போது அவருக்கு வயது இருபது! இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். சாமான்களைத் தம் பணத்தில் வாங்கிக் கொடுத்தார். உடன் நின்று பழக்கினார். அவருடைய மட்டை எல்லோருடைய மட்டையுமாயிற்று. இருபது வருஷ காலம் இப்படி உழைத்த பிறகுதான் வெள்ளைக்காரர் கோஷ்டியும் இந்தியர் கோஷ்டியும் சரிசமமாக மோதும் மாகாணப் பந்தயம் நிச்சயமாயிற்று. 1908ல் அது முதன்முதலாக நடந்தபோது புச்சிபாபு உயிரோடில்லை. அதே ஆண்டில், நாற்பதாவது வயதில், காலமாகிவிட்டார். ஆனால் அவர் இல்லாமலே கோஷ்டி மைதானத்தில் இறங்கியது. காப்டன் வீட்டுக்குப் போனதும் கலைந்துபோன நமது கோஷ்டியை இங்கே நினைத்துக்கொண்டோம். பிற்காலத்தில் பொங்கல் பந்தயம் என்று ஜனங்கள் கொண்டாடிய அந்த ஆட்டம் 1952 வரையில் நடந்தது.

இன்னொரு செல்வந்தரின் கதையையும் கேளுங்கள். விஜயநகரம் மகாராஜகுமாரர் கிரிக்கெட்டுக்காகப் பணத்தை வாரி இறைத்தவர். ஹாப்ஸ், ஸட்கிளிஃப் போன்ற சூரர்களையே 1930ல் இந்தியாவுக்கு வரவழைத்துத் தம் கோஷ்டியில் ஆட வைத்தவர். 1936ல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டிக்கு அவரே தலைவர். கால்காப்புக் கட்டிக்கொண்டு காத்திருந்த லாலா அமர்நாத்தை விட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களை ஆட அனுப்பினார். அமர்நாத் சீறினார். முதல் டெஸ்டுக்கு முன்பே அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்! அவர்மேல் குற்றமில்லை என்று பிறகு விசாரணைக் குழு கூறியது. கூறி என்ன பயன்? கோஷ்டி பிளவுபட்டு, மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோற்றது. தலைவர் மூன்றிலுமாக எடுத்த ஓட்டங்கள் 33.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தக் கோஷ்டியில் லஸ் ஹவுஸ் பிள்ளை ஒருவரும் இருந்தார். புச்சிபாபுவின் குமாரர் சி. ராமசாமிதான் அவர். 1922ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். முதன்முதலாக டெஸ்டில் ஆடியபோது அவருக்கு வயது நாற்பது. மான்செஸ்டரில் மெர்ச்செண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் குவித்த அதே பந்தயத்தில், இவர் 40ம் 60ம் எடுத்தார். இந்தியா தோல்வியிலிருந்து தப்பியது. கோஷ்டிப் பூசலுக்கு நடுவிலும் தம் காரியத்தைப் பார்க்கும் குணத்தை அவர் எங்கே கற்றார் என்பது நமக்குத் தெரிந்துதானிருக்கிறது.

இவ்வருஷம் காப்டன் நியமனம் மறுபடியும் வந்தது. சென்ற வருஷம் விரிசல் விட்ட மட்டைக்கு நூல் சுற்றி, கடைசிப் பந்து வரையில் ஆடிய பையனை நியமித்தோம். அவனுக்குச் சொந்த மட்டை கிடையாது. நல்ல செருப்புக்கூடக் கிடையாது. பழைய காப்டன் இரண்டு வாரம் மைதானத்தின் பக்கமே வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தான். யாரிடமும் பேசாமல் தன் மட்டையைப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தான். புதுக் காப்டன் அவனையே முதலில் ஆட அனுப்பினான். பதினெட்டு ஓட்டம் எடுத்து அவுட்டானவன், மட்டையை அடுத்து வந்தவனிடம் கொடுத்துவிட்டு ஸ்கோர் எழுத உட்கார்ந்தான்.

மட்டை பள்ளிக்கூடத்துப் பெட்டியில் இருப்பதை ஆட்சேபித்து அவனுடைய தகப்பனார் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.