மலையேற இ-சைக்கிள் வாங்கப் போறீங்களா? பெட்டியில் இருக்கும் ‘ரேஞ்ச்’ எண்ணை நம்பும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

காலை 6.40. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை ஏற்றத்தில் ஐந்தாவது கிலோமீட்டர். டிஸ்ப்ளேயில் மினுங்கிக்கிட்டிருந்த கடைசி பேட்டரிக் கோடும் அணைஞ்சது. பெட்டியில் ‘40 கி.மீ ரேஞ்ச்’ என்று போட்டிருந்த இ-சைக்கிள் அது. நான் வந்திருந்ததோ மொத்தம் 25 கி.மீ. மிச்ச மூணு கிலோமீட்டரும் 22 கிலோ இரும்பைத் தள்ளிக்கிட்டே மேலே போனேன். சாதாரண கியர் சைக்கிளில் வந்த ஒரு ஐம்பது வயதுக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது “சார், சார்ஜ் போச்சா?” என்று விசாரித்தது தனிக் கதை.

வீட்டுக்கு வந்து எக்செல் ஷீட்டைத் திறந்தேன். கம்பெனி பொய் சொன்னதா என்று பார்க்கத்தான். பொய் இல்லை. நான்தான் தப்பான எண்ணைப் பார்த்து வாங்கியிருந்தேன்.

வார இறுதியில் நந்தி மலை, சிங்ககட், ஏற்காடு, கோத்தகிரி என்று நிதானமா ஒரு ரைடு போகணும், முட்டியும் முதுகும் தாங்கணும் என்று இ-சைக்கிள் தேடும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, “எந்த பிராண்ட் நல்லது?” என்பது. அதைவிட முக்கியமான சில கேள்விகள் இருக்கு. இந்தியாவில் 25,000 முதல் 50,000 ரூபாய்க்குள் கிடைக்கும் மாடல்களில் பெரும்பாலானவை சமதளத்தில் ஆபீஸ் போய்வர வடிவமைக்கப்பட்டவை. மலை என்பது வேறு பரீட்சை.

எத்தனை கிலோமீட்டர் என்பதை விட எத்தனை மீட்டர் உயரம்

சமதளத்தில் சைக்கிளுக்கு எதிரி காற்றும் டயர் உராய்வும். மலையில் எடைதான் எதிரி. நீங்க 70 கிலோ, சைக்கிள் 25, பை, தண்ணீர் எல்லாம் 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிலோ. இதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கேட்கும் ஆற்றல் சுமார் 27 வாட்-ஹவர். இதில் பேரம் கிடையாது.

ஆனால் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் முழுசா சக்கரத்துக்கு வராது. மோட்டார், கன்ட்ரோலர் இரண்டும் சூடாவதில் ஒரு பங்கு போய்விடும். 70% வந்து சேர்கிறது என்று எடுத்துக்கொண்டால், மிதிக்காமல் த்ராட்டில் மட்டும் திருகிப் போனால் 100 மீட்டர் உயரத்துக்கு 39 வாட்-ஹவர் செலவு. வேலையில் 40% உங்க கால், 60% மோட்டார் என்று பிரித்துக்கொண்டால் அது 23 ஆகக் குறைகிறது.

இப்போ பேட்டரிக்கு வருவோம். பல பட்ஜெட் இ-சைக்கிள்களில் 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 280 வாட்-ஹவர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் கிலோமீட்டரை விட்டுவிட்டு, ஸ்பெக் ஷீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த இரண்டு எண்ணையும் பெருக்கிப் பாருங்க.

நந்தி மலை ஏற்றம் சுமார் 8 கி.மீ, உயரம் ஏறுவது சுமார் 430 மீட்டர். டயர் உராய்வையும் சேர்த்து, மிதித்துக்கொண்டே போனால் 115 வாட்-ஹவர் போதும். அதாவது பாதி பேட்டரிகூட ஆகாது. எனக்கு என்ன ஆச்சு? அடிவாரம் வரைக்கும் 20 கி.மீ-ஐ அதிகபட்ச அசிஸ்ட்டில் பறந்து வந்தேன். அங்கேயே பாதி காலி. ஏற்றத்தில் மூச்சு வாங்கியதும் த்ராட்டில். அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் - கோத்தகிரி சாலை இன்னும் கடினமான பரீட்சை. சுமார் 33 கி.மீ தூரத்தில் சுமார் 1,450 மீட்டர் ஏற்றம். அதே 60-40 பங்கீட்டில் 400 வாட்-ஹவர் தேவை. 280 பேட்டரி சுமார் 23-வது கிலோமீட்டரிலேயே கை விட்டுவிடும். மீதி 10 கி.மீ முழுக்க ஏற்றம், கையில் 25 கிலோ சைக்கிள். இந்த ரூட் உங்க பட்டியலில் இருந்தால் 36 வோல்ட், 14 ஆம்பியர்-ஹவர், அதாவது 500 வாட்-ஹவர் அளவிலான பேட்டரி வேணும். பேட்டரி வயசானால் கொள்ளளவு குறையும் என்பதால் அந்த 100 உபரி ஆடம்பரம் இல்லை.

நீங்க போக விரும்பும் ரூட்டை ஸ்ட்ராவா, கோமூட் போன்ற ஆப்பில் போட்டால் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். அதை 100-ஆல் வகுத்து 23-ஆல் பெருக்குங்க. அதோடு கிலோமீட்டருக்கு 2 வாட்-ஹவர் சேர்த்துக்கொள்ளுங்க. மலைப்பாதைக்கு இதுவே போதுமான கணக்கு.

மோட்டார் எங்கே இருக்கு?

பின் சக்கரத்தின் நடுவில் இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சில் இருந்தால் மிட்-டிரைவ். விலையில் பெரிய வித்தியாசம், மலையில் அதைவிடப் பெரிய வித்தியாசம்.

ஹப் மோட்டாருக்கு உங்க கியர் பற்றி ஒன்றும் தெரியாது. அது நேராகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. செங்குத்தான இடத்தில் வேகம் 8, 9 கி.மீ-க்கு இறங்கினால், பைக்கை நாலாவது கியரிலேயே வைத்துக் கொண்டை ஊசி வளைவு ஏறுகிற மாதிரிதான் அதன் நிலைமை. முக்கும், சூடாகும், கரண்டைத் தின்னும். மிட்-டிரைவ் செயின் வழியாக வேலை செய்வதால், நீங்க கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் சுமை குறையும்.

இங்கே ஒரு ஏமாற்றம் தரும் எண் இருக்கு. டார்க். ‘40 நியூட்டன் மீட்டர்’ என்று இரண்டு சைக்கிளிலும் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒண்ணு இல்லை. ஹப்பில் அது சக்கரத்தில் கிடைக்கும் டார்க். மிட்-டிரைவில் அது பெடல் அச்சில் கிடைப்பது. முன்னால் 32 பல், பின்னால் 42 பல் என்ற கியரில் போனால் அது 1.3 மடங்கு பெருகிச் சக்கரத்துக்கு வரும்.

அப்போ எவ்வளவு தேவை? நம்ம 100 கிலோ கணக்கில், 8% சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் ரோட்டில், சக்கரத்துக்கு வேண்டியது 30 நியூட்டன் மீட்டர். 12% ஆனால் 44. நீங்களும் மிதிப்பதால் மோட்டார் முழுசையும் சுமக்க வேண்டாம். ஆகவே 40 நியூட்டன் மீட்டர் ஹப் மோட்டாரே நந்தி மலைக்குத் தாராளம். குன்னூரிலோ சிம்லாவிலோ ஷில்லாங்கிலோ குடியிருந்து தினம் ஓட்டுவதாக இருந்தால் மிட்-டிரைவ் பற்றி யோசிக்கலாம். இங்கே அதன் விலை பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும். மாதம் ஒரு தடவை மலைக்குப் போகிறவர் அந்தப் பணத்தைப் பெரிய பேட்டரியிலும் நல்ல பிரேக்கிலும் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

எதை வாங்கினாலும் கியர் இல்லாத சிங்கிள் ஸ்பீடு மாடல் மலைக்கு வேண்டாம். மோட்டார் நின்றுபோனால் மிச்சம் இருப்பது உங்க காலும் அந்தக் கியரும்தான். பின்னால் பெரிய பல்சக்கரம் குறைந்தது 32, 34 பல் இருக்கா என்று எண்ணிப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

‘அப்போ 1,000 வாட் கிட் மாட்டிட்டா?’

ஆன்லைனில் கிடைக்குது, யூடியூபில் மாட்டியும் காட்டுறாங்க. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இ-சைக்கிளுக்குக் கிடைக்கும் விலக்குக்கு எல்லை இருக்கு. மோட்டார் சக்தி 250 வாட்டைத் தாண்டக் கூடாது, மோட்டார் உதவி 25 கி.மீ வேகத்தோடு நின்றுவிட வேண்டும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்குள் இருந்தால் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். தாண்டினால் சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனம். பதிவெண்ணும் இன்சூரன்சும் இல்லாத மோட்டார் வாகனம். மலைப்பாதையில் யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு உங்க பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

250 வாட் போதுமா என்றால், போதும். 100 கிலோ, 8% ஏற்றம், மணிக்கு 10 கி.மீ வேகம். இதற்குச் சக்கரத்தில் தேவை சுமார் 240 வாட். அதில் 100 வாட்டை நிதானமா மிதிக்கும் ஓரளவு ஆரோக்கியமான உடம்பே கொடுத்துவிடும்.

சௌகரியம்: சீட்டை விட சென்சார்

முட்டி வலி என்றதும் எல்லாரும் சீட்டுக்கு ஜெல் கவர் வாங்குறாங்க. மலையில் முட்டியைக் காப்பாற்றுவது வேறு. மலிவான மாடல்களில் இருப்பது கேடன்ஸ் சென்சார். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது, முழு எடையையும் உங்க முட்டி தள்ளி முடித்த பிறகு மோட்டார் தாமதமாக வந்து சேரும். கொண்டை ஊசி வளைவில் வேண்டாத நேரத்தில் உந்தவும் செய்யும். டார்க் சென்சார் இருந்தால் நீங்க எவ்வளவு அழுத்துறீங்களோ அந்த அளவுக்கு உடனே உதவி வரும். விலை கூடுதல்தான். முட்டிப் பிரச்சினை இருந்தால் நான் முதலில் பணம் போடுவது இதில்தான்.

மலிவான முன்பக்க சஸ்பென்ஷன் எடையைத்தான் கூட்டும். 2 அங்குலத்துக்கு மேல் அகலமான டயர், கொஞ்சம் குறைவான காற்று, நிமிர்ந்து உட்கார விடும் ஹேண்டில் ஆகியவை அதைவிட அதிகம் செய்யும். காலைத் தூக்கிப் போடாமல் ஏறும் தாழ்வான ஃபிரேமை ‘லேடீஸ் சைக்கிள்’ என்று ஒதுக்காதீங்க. சரிவில் நிறுத்தி இறங்கும்போது 25 கிலோ சாய்ந்தால்தான் அதன் அருமை தெரியும். சைக்கிளைத் தள்ளும்போது மோட்டார் மெதுவாக உதவும் வாக் மோடு இருக்கா என்றும் பாருங்க. எனக்கு அது இல்லை.

இறங்குவதுதான் ஆபத்து

ஏறும்போது பேட்டரி தீர்ந்தால் அவமானம் மட்டும்தான். இறங்கும்போது பிரேக் பிடிக்கலைன்னா உயிர் பிரச்சினை. கோத்தகிரியிலிருந்து 100 கிலோ கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல், நாலு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதி முழுசும் உங்க பிரேக் டிஸ்க்கில்தான் சூடாகும். சாதாரண சைக்கிளை விட இது 10 கிலோ கனம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ரிம் பிரேக் மாடல் மலைக்குக் கிடையாது. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், முடிந்தால் ஹைட்ராலிக், முன்னால் 180 மி.மீ டிஸ்க் இருந்தால் நல்லது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, பிறகு விட்டு, டிஸ்க்கை ஆற விடணும்.

“இறங்கும்போது சார்ஜ் ஆயிடும்ல?” என்று கேட்பாங்க. பெரும்பாலும் ஆகாது. இப்போது வரும் இ-சைக்கிள்களில் பெரும்பாலானவை, மிதிப்பதை நிறுத்தினால் மோட்டார் சக்கரத்திலிருந்து விடுபட்டுச் சும்மா இருக்கும் வகை.

பேட்டரி பற்றி இரண்டு விஷயம். கழற்றி எடுக்க முடிகிற மாதிரி வாங்குங்க, மாடி வீட்டுக்கும் ஹோம்ஸ்டேக்கும் அதுதான் வசதி. லடாக் கனவு இருந்தால், 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதாவது அநேகமாக எந்த இ-சைக்கிள் பேட்டரியையும். அங்கே போனாலும், உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக் கூடாது, அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் போடணும்.

டெஸ்ட் ரைடு என்று கடைக்காரர் கடை வாசலில் ஒரு ரவுண்டு விடுவார். அது எதையும் சொல்லாது. பக்கத்து அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப்புக்குக் கொண்டுபோங்க. பல கட்டடங்களில் அதன் சரிவு 10% அல்லது அதற்கு மேல். நடுவில் நிறுத்தி, கடைசிக் கியரில், உட்கார்ந்தபடியே கிளம்பிப் பாருங்க. பிறகு அதே ராம்ப்பில் இறங்கி, இரண்டு விரலால் பிரேக் பிடித்து நிறுத்திப் பாருங்க. நான் போன மாதம் மூணு சைக்கிளை அப்படி ஓட்டிப் பார்த்தேன். ஒண்ணு கிளம்பவே இல்லை, ஒண்ணு நிற்கவே இல்லை. மூணாவதுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கேன்.