வாரிசா, நாமினியா?

திரை வழியே வாடிக்கையாளர்களுடன் பயிலரங்கு நடத்துவது இன்று அன்றாட வேலையாகிவிட்டது. பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பேசவைத்தால்தான் அது உருப்படும்.

திரையில் பதினெட்டுக் கட்டங்கள். பதினொன்றில் முகங்கள். மீதி ஏழில் பெயரின் முதல் எழுத்து மட்டும். மும்பையில் தலைமையகம் கொண்ட ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் படிவங்களை இந்திய மொழிகளில் கொண்டுவர விரும்பியது. எந்தச் சொல்லுக்கு எது இணை என்று தீர்மானிக்க 2021-ல் ஆன்லைன் பயிலரங்கு ஒன்று நடந்தது. தமிழ்ப் பகுதியை தில்லியில் என் வீட்டு மேஜையிலிருந்து நான் நடத்தினேன்.

'நாமினி' என்ற சொல் வந்தது. 'வாரிசு' என்றே போட்டுவிடலாம், எல்லோருக்கும் புரியும் என்றார் ஒருவர். நல்ல சொல் என்றார் தமிழ் தெரிந்த துணைத் தலைவர். எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டேன். சில விநாடிகள் மௌனம். அடுத்த சொல்லுக்குப் போனோம். இரண்டு மணி நேரத்தில் அறுபது சொற்கள் முடிந்தன. பிரமாதம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு கலைந்தோம்.

மூன்று வாரம் கழித்து, படிவங்கள் அச்சுக்குப் போகும் நேரத்தில், தென் மாவட்டக் கிளை அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வாரிசும் நாமினியும் ஒன்றல்ல என்றார் அந்த அம்மையார். அவர் சொன்னது சரி. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளராகிவிட மாட்டார் என்று 1984-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. மற்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை. 'வாரிசு' என்று அச்சடித்த கட்டத்தில் தம்பியின் பெயரை எழுதிவிட்டு ஒருவர் இறந்துபோனால், மனைவிக்கும் தம்பிக்கும் நடுவே அந்தத் தாளே வம்பாகிவிடும்.

அச்சு வேலை நின்றது. மூன்று வார உழைப்பு வீண். ஆனால் அந்த அதிகாரி பயிலரங்கில் இருந்தாரே, அப்போதே ஏன் சொல்லவில்லை? கேட்டேன். அவர் இரண்டு காரணம் சொன்னார். துணைத் தலைவர் 'நல்ல சொல்' என்று சொல்லிவிட்ட பிறகு எப்படி மறுப்பது? தவிர, அவர் தயங்கித் தயங்கி மியூட்டை எடுப்பதற்குள் நாங்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம்.

ஆன்லைன் பயிலரங்குகள் எங்கே கோட்டை விடுகின்றன என்பதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும். ஒன்று பதவி, மற்றது இயந்திரம்.

இயந்திரத்தை முதலில் பார்க்கலாம். நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே உள்ள இடைவெளி, பத்து மொழிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வின்படி, சராசரியாக விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இணையத்தின் தாமதமும் மியூட் பொத்தானைத் தேடும் நேரமும் சேர்ந்தால் அந்த இடைவெளி எப்போதோ கடந்துவிடும். தடித்த குரலும் நல்ல இணைப்பும் உள்ளவர் பேசிக்கொண்டே போவார். மரியாதை தெரிந்தவருக்கு வாய்ப்பே வராது.

பதவியின் கனம் பழைய சமாச்சாரம். குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953-ல் எழுதிய நூல் பிரபலமாக்கியது. ஐந்தே ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். சேர்ந்து யோசித்த நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியலைக் கூட்டியபோது யோசனைகள் அதிகம் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்று 1987-ல் டீல், ஷ்ட்ரேபே என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள்.

இங்கேதான் திரைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பதினெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஆனால் ஒரே நேரத்தில் எழுத முடியும்.

இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பல ஆண்டுகள் வாடிக்கையாளர் இருக்கும் ஊருக்கே பொறியாளர்களை அனுப்பித் தேவைகளைக் கேட்டறிந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, விமானங்கள் நின்றன, பயிலரங்குகள் திரைக்கு மாறின. வழக்கமான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச் இறுதியில் மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகும் திரை போகவில்லை. டிக்கெட் செலவு மிச்சம் என்பதைக் கணக்கர்கள் கண்டுகொண்டுவிட்டார்கள். ஆனால் பலர் அறையில் நடத்தியதை அப்படியே தூக்கித் திரையில் வைத்தார்கள். அதுதான் கோளாறு.

அடிபட்டபின் நான் கற்றுக்கொண்டவை சில. பயிலரங்குக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேசிவிட வேண்டும், குறிப்பாகப் பதவியில் கீழே இருப்பவர்களிடம். வாடிக்கையாளர் தரப்பில் யார் முடிவெடுப்பவர், யாருக்கு உண்மையில் விஷயம் தெரியும் என்பது அப்போது விளங்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை. முடிவில் என்னென்ன தீர்மானமாகியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி முந்தைய நாளே அனுப்பிவிட வேண்டும்.

ஒரு நாள் முழுக்க இழுப்பதைவிட ஒன்றரை மணி நேரமாக இரண்டு நாள் நடத்துவது மேல். தொடர்ந்து கூட்டங்களில் உட்காருபவர்களின் மூளை அலைகளை 2021-ல் மைக்ரோசாஃப்ட் பதிவுசெய்து பார்த்தது. பதினான்கு பேரை வைத்து நடந்த சிறிய சோதனைதான். இடையில் சிறு ஓய்வு கிடைத்தபோது மன அழுத்தம் சேர்ந்துகொண்டே போகவில்லை. தன் முகத்தையே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் களைப்புக்கு ஒரு காரணம் என்று அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் எழுதினார். அதைத் தன் கண்ணுக்கு மட்டும் மறைத்துவைக்கலாம். கேமராவைக் கட்டாயப்படுத்துவதும் வேண்டாம். சிற்றூர்க் கிளையில் கைபேசி டேட்டாவை நம்பியிருப்பவருக்கு முகத்தைவிட குரல் போய்ச்சேருவதே முக்கியம்.

அமெரிக்க வாடிக்கையாளராக இருந்தால் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அது பத்தரை மணி நேரமாகும். கூட்டத்துக்கு ஒரு தரப்பு ஒரு மணி நேரம் தவறி வந்து நிற்பது அந்த வாரத்தில்தான்.

நடத்துபவர் ஒருவர், சாட் பெட்டியையும் தொழில்நுட்பத் தகராறுகளையும் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர் என இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. எல்லோரும் பெயர் போடாமல் எழுத வேண்டும். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கீழிருந்து மேலாகக் கேட்க வேண்டும். பெரியவர் கடைசியில் பேசுவார். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். 'சம்மதமா' என்று கேட்காமல் 'இதில் எங்கே தகராறு வரும்' என்று கேட்பது நல்லது. தீர்மானத்தை எல்லோர் கண்முன்னும் தட்டச்சு செய்து வாசித்துக் காட்ட வேண்டும். அன்றே அதன் பிரதி எல்லோருக்கும் போய்விட வேண்டும். இணையப் பலகையை நம்பி விட்டுவைக்கக் கூடாது. கூகுள் தன் ஜாம்போர்டை 2024 இறுதியில் மூடியேவிட்டது.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்துடன் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை பேச்சுக்கு முன் எழுத்து. 'வாரிசு' என்ற சொல்லுக்கு எதிரே ஐந்து ஆட்சேபங்கள் விழுந்தன. அப்படியானால் முதல் பயிலரங்கில் தெரிந்தும் பேசாமல் இருந்தவர் அந்த அதிகாரி மட்டுமல்ல. நான் 'நியமனதாரர்' என்று முன்மொழிந்தேன். கவுன்ட்டருக்கு வருபவர்கள் 'நாமினி' என்றுதான் சொல்கிறார்கள் என்றார் அதிகாரி. இந்தத் தடவை அவர் குரலில் தயக்கம் இல்லை. கடைசியில் 'நாமினி' என்றே வைத்து, அவர் சட்டப்படியான வாரிசாக இருக்க வேண்டும் என்பதில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தோம்.

தமிழில் முதுகலை படித்த எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் படிவம் சரியாக வந்தது.