நீராவி எத்தனை நிமிடத்தில் வரவேண்டும்?

உளுந்து மூட்டை திரும்பி வருவது மொத்த வியாபாரத்தில் புதிதல்ல. மந்தாரக்குப்பத்தில் நம்மிடம் சரக்கு எடுக்கும் மெஸ்காரர் ஒருவர், "இட்லி தட்டையாகிறது, உளுந்து பழசு" என்று அரை மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அதே சரக்கை வாங்கிய மற்ற ஓட்டல்களில் குறையே இல்லை. நேரில் போய்ப் பார்த்தோம். அடுப்பு மூட்டிய ஐந்தாம் நிமிடமே கொப்பரையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் வந்து நிற்கும் ஊர் இது. அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மாவு மெல்லச் சூடேறினால், அது இறுகுவதற்குள் புளித்த காற்றுக் குமிழ்கள் வெளியேறிவிடும். பழி உளுந்தின் மேல் விழும், நஷ்டம் நமக்கு.

ஆகவே நீராவி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வணிகர்களாகிய நாமும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கணக்கு எளிது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர 70 கிலோ கலோரி வேண்டும். கொதித்த அதே லிட்டர் முழுவதும் ஆவியாக இன்னும் 540 கிலோ கலோரி வேண்டும். ஆவி குளிர்ந்த மாவில் பட்டு நீராகும்போது இந்த 540-ஐத்தான் திருப்பிக் கொடுக்கிறது. வெந்நீரைவிட ஆவி விரைவில் வேகவைப்பதன் காரணம் இதுவே.

மணிக்கு ஒரு கிலோ கேஸ் எரிக்கும் பர்னர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி உண்டு. பாதி பாத்திரத்தில் சேரும், மீதி காற்றோடு போகும். 20 லிட்டர் ஊற்றினால் கொதிக்கக் கால் மணி நேரம். 10 லிட்டர் என்றால் எட்டு நிமிடம் போதும். கொப்பரையும் தட்டும் சூடாகச் சில நிமிடம் கூடுதலாகும். அந்த 10 லிட்டர், ஆவி வந்தபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். இடையில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவைக்கு மேல் தினம் 10 லிட்டரைக் கொதிக்க வைப்பவர், மாதத்தில் 19 கிலோ சிலிண்டரின் ஐந்தில் ஒரு பங்கை வீணாக்குகிறார். அந்த வெந்நீரைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொண்டால் வேறு விஷயம். லெக்கோ கரி அடுப்புக் காலத்தில் அடுப்பு பற்றுவதற்கே நேரம் பிடித்தது. அப்போது யாரும் இந்த நிமிடங்களை எண்ணவில்லை.

மூடியோரத்தில் முதலில் வரும் புகைபோன்றதை ஆவி என்று நம்பக் கூடாது. உள்ளிருக்கும் காற்றும் அதில் கலந்திருக்கும். அதன் சூடு 100 டிகிரிக்குக் குறைவு. தொடர்ந்து பலமாக அடிக்கும்போதுதான் தட்டு வைக்கலாம்.

ஹாஸ்டல், திருமண மண்டபங்களில் தனி பாய்லரிலிருந்து குழாய் வழியே ஆவி வருகிறது. அங்கே பாய்லர் தயாரானாலும் கடைசிக் கொப்பரைக்கு ஆவி தாமதமாகும். குளிர்ந்த இரும்புக் குழாய் முதல் ஆவியைக் குடித்துத் தண்ணீராக்கிவிடும். உள்ளிருக்கும் காற்றும் வழிவிட வேண்டும். குளிர்நாட்டுப் பழைய வீடுகளில் அறைகளுக்கு ஆவியால் சூடேற்றும் குழாய்களிலும் இதே தொல்லைதான். காற்று வெளியேற ஒவ்வொரு சூடேற்றியிலும் சிறு வால்வு வைத்திருப்பார்கள். குழாய் 'டங் டங்' என்று அடித்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். பிரதான வால்வை மெல்லத் திறந்து, தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். குழாய்க்குக் கண்ணாடிப் பஞ்சு உறை சுற்றினால் நேரமும் கேஸும் மிச்சமாகும்.

நெய்வேலி அனல்மின் நிலையங்களில்கூட ஆறிய கொதிகலனைப் படிப்படியாகத்தான் சூடேற்றுகிறார்கள். பல மணி நேரம் பிடிக்கும். திடீரென்று சூடு ஏறினால் கனத்த உலோகம் ஒரே சீராக விரியாது. 2020-இல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்ததை நம் ஊர் மறக்கவில்லை.

அழுத்தப் பாய்லர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. தம் பாய்லர் பதிவுக்கு உட்பட்டதா என்று அரசுக் கொதிகலன் இயக்ககத்தில் கேட்டுக்கொள்ளட்டும். அடுத்தது, ஆவி வீணாகிறது என்று சேஃப்டி வால்வைக் கம்பியால் கட்டிவைக்கும் வேலை. அதைக் கண்ட இடத்தில் உடனே அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டும், பாக்கி வசூலிக்கப் போன நேரமாக இருந்தாலும் சரி.