பச்சைப் பானைக்கு ஒரு ராத்திரி பரீட்சை!

செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கை மாட்டுச் சந்தை, வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் வாரம் இப்படித்தான் நகரும். தை பிறப்பதற்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் சாலையோரங்களில் புதுப்பானைகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். 'கணீர்' என்றால் அது வீட்டுக்கு வரும். 'டொக்' என்றால் அடுத்த பானைக்குப் போய்விடுவார்கள்.

அந்த 'கணீர்' சக்கரத்தில் பிறப்பதில்லை. சூளையில், ஒரே ராத்திரியில் பிறக்கிறது.

சக்கரத்தைப் பார்த்து வியக்கிறவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. சோறாக்கும் பானை சக்கரத்தில் முழுசாக உருவாவதே இல்லை. வாயும் கழுத்தும் மட்டுமே அங்கே முடிகின்றன. அறுத்து எடுக்கும்போது அடிப்பாகம் திறந்த குழாய் போலவோ, தடித்த கட்டியாகவோதான் இருக்கும். அதைக் கொஞ்சம் ஆறவிட்டு, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி வயிற்றை உருட்டி, ஓட்டையை மூடுவார்கள். சுவர் மெலியும், பானை பெருக்கும். கொஞ்சம் ஈரம் கூடினால் தொய்ந்துவிடும், காய்ந்துபோனால் வெடித்துவிடும். அந்த நேரத்தைச் சொல்ல எந்தக் கருவியும் கிடையாது, கைதான் சொல்ல வேண்டும். காதி கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் மின்சாரச் சக்கரங்களைக் கொடுத்துவருகிறது. சக்கரம் சுற்றுகிற உழைப்பு அதனால் குறைந்தது உண்மை. ஆனால் தட்டுகிற வேலைக்கு இன்னும் கைதான்.

தட்டி முடித்ததும் செங்காவிக் குழம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, நிழலில் உலர்த்துவார்கள். இந்த நிலையில் அது 'பச்சைப் பானை'. தண்ணீர் ஊற்றினால் பழையபடி களிமண்ணாகக் கரைந்துவிடும். வள்ளுவர் உவமைக்கு எடுத்துக்கொண்டது இந்தச் சுடாத பானையைத்தான்.

கரையும் மண் கரையாத மண்ணாவது எப்படி? களிமண்ணின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் தண்ணீர் வேதியியல் முறையில் கட்டுண்டு கிடக்கிறது. வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் அது போகாது. சூளைக்குள் சூடு 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போதுதான் வெளியேறுகிறது. அதன்பின் அந்த மண்ணை யாராலும் மறுபடி பிசைய முடியாது. வறட்டி, விறகு, வைக்கோல் அடுக்கி, மேலே சேறு பூசிச் சுடும் நாட்டுச் சூளை பொதுவாக 700, 800 டிகிரி வரை போகும்.

ஆரம்பத்தில் தீ மெதுவாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் நீராவியாகி, பானையைச் சில்லு சில்லாகத் தெறிக்கவைத்துவிடும். நடுராத்திரியில் ஒரு மழை வந்தாலும் போச்சு. பல நாள் உழைப்பு விடியும்போது ஓடாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சூளை வைக்கவே யோசிப்பார்கள். மழைக்காலத்தில் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு நிவாரணம் கொடுப்பது இதனால்தான்.

கறுப்பா, சிவப்பா?

ஒரே மண், ஒரே சூளை. ஆனாலும் ஒரு பானை சிவப்பாகவும் இன்னொன்று கறுப்பாகவும் வருவதற்குக் காரணம் காற்று. மண்ணில் உள்ள இரும்புக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் சிவக்கும். கடைசி நேரத்தில் துளைகளை அடைத்துப் புகையை உள்ளேயே பூட்டினால் கரி ஏறிக் கறுக்கும்.

இந்த இரண்டையும் ஒரே பானையில் வரவழைத்தவர்கள் நம் முன்னோர். உள்ளேயும் வாய்ப்பக்கமும் பளபளக்கும் கறுப்பு, வெளியே சிவப்பு. கீழடி, ஆதிச்சநல்லூர் என்று எங்கே தோண்டினாலும் கிடைக்கிற கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் இவைதான். உமி போன்ற பொருளின் மேல் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருப்பார்கள், மூடிய பக்கம் காற்றில்லாமல் கறுத்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம். இரண்டு முறை சுட்டிருக்கலாம் என்பவர்களும் உண்டு.

கீழடி வரை போவானேன்? அணைக்கட்டுப் பக்கத்து அப்புக்கல்லிலேயே 1970-களில் சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியிருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, சக்கரம் இல்லாமல் கையாலேயே செய்த புதிய கற்காலச் சாம்பல் நிறப் பானைகள் வெளிவந்தன. கூடவே கருகிய கொள்ளும் கிடைத்தது. கொள்ளு ரசத்துக்கு இந்த மண்ணில் அத்தனை வயசு!

வேலூர் வட்டாரத்துக்கு இன்னொரு பெருமை, காட்பாடிக்கு அருகே உள்ள கரிகிரி. நீலமும் பச்சையுமாகக் கண்ணாடிப் பூச்சு போட்ட ஜாடிகள், கூஜாக்களுக்கு அந்த ஊர் பெயர் போனது. பூச்சு என்பது உண்மையில் கண்ணாடியேதான். மணலை மட்டும் உருக்க 1,700 டிகிரி சூடு வேண்டும். அதோடு ஈயமோ வெண்காரமோ சேர்த்தால் 1,000 டிகிரிக்குள்ளேயே உருகிப் பானைமேல் படர்ந்துவிடும். தாமிரம் கலந்தால் பச்சை, கோபால்ட் கலந்தால் நீலம், இரும்பு கலந்தால் பழுப்பு. ஒரு எச்சரிக்கை: எங்கே, எதைப் பூசிச் செய்தது என்று தெரியாத பழைய பளபளப்பு ஜாடியில் ஊறுகாயோ புளிக்குழம்போ வைக்காதீர்கள். பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதை இழுத்து உணவில் சேர்த்துவிடும். அலமாரியில் அழகுக்கு வைத்தால் போதும்.

பூச்சு வேலையின் இன்னொரு உச்சம் புதுச்சேரியில் இருக்கிறது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில், சூளை 1,200 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் மண் கல் போல இறுகி, ஒரு சொட்டு நீர்கூடக் கசியாது. அங்கே பயின்றவர்கள் இந்தியா முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நாட்டுச் சூளைப் பானை மட்டமா? இல்லவே இல்லை. கல்லாக இறுகிய கோப்பையை நேராக அடுப்பில் வைத்தால் பட்டென்று விரிசல் விடும். குறைந்த சூட்டில் சுட்ட, மணல் கலந்த பானையில் நுண்ணிய துளைகள் உண்டு. சூட்டில் மண் விரிந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே துளைகள் வழியாகக் கசிந்து ஆவியாவதால்தான். சோற்றுக்கும் குடிநீருக்கும் நம் ஊர்ப் பானையே கெட்டி.

மண் எங்கே?

பானைக்கு ஏரிக் களிமண் வேண்டும். முன்பு அதை எடுக்க மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்தது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் ஏரி, குளங்களில் இலவசமாக மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024 ஜூனில் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் எந்த ஏரி மண்ணும் ஆகாது. பாலாற்றுத் தோல் பட்டறைப் பகுதிகளுக்கு இது முக்கியம். தோல் பதனிடுவதில் உப்பு ஏராளம். உப்பேறிய மண்ணில் செய்த பானை காயும்போதே வெள்ளை பூத்துவிடும், சுட்ட பிறகும் அந்தத் திட்டு போகாது. பாலாற்று மாசு பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எல்லோரும் குடிநீரோடு சேர்த்தே பேசுகிறார்கள். மண்ணை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த கவலை, ஆள். காலையில் ஷூ கம்பெனி வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் வட்டாரம் இது. மாதம் பிறந்தால் கையில் சம்பளம். மழைக்குப் பயந்து சூளை முன் விழித்திருக்கும் வேலையோடு அதை ஒப்பிட்டு, பிள்ளைகள் வண்டி ஏறுவதைத் தப்பு சொல்ல முடியாது. பொங்கல் பரிசுத் தொகுப்பில் புதுப்பானையும் அடுப்பும் சேர்க்க வேண்டும் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் வருஷா வருஷம் கேட்பது, இந்தப் பிள்ளைகளில் சிலரையாவது சக்கரத்தருகே நிறுத்திவைக்கத்தான்.

இந்தப் பொங்கலுக்குப் பானை வாங்கினால், உடனே அடுப்பில் ஏற்ற வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு வடித்த கஞ்சியை ஊற்றி, சின்னத் தீயில் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். கஞ்சியின் மாவு பெரிய துளைகளை அடைத்துக் கசிவை நிறுத்தும். இரண்டு மூன்று நாள் இப்படிப் பழக்கிவிட்டு, உள்ளே வெளியே நல்லெண்ணெய் தடவிக் காயவைத்தால் சமையலுக்குத் தயார். சோப்பு வேண்டாம், துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேங்காய் நாரும் கொஞ்சம் கல் உப்பும் போதும்.