பயனற்றது என்று பெயர் வாங்கிய கொசு

மலேசியாவின் இன்றைய போர்ட் கிள்ளான் துறைமுகம், 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் வேலை செய்தவர்களை மலேரியா படுக்கையில் தள்ளியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. நோயைப் பரப்பிய அனாபிலிஸ் கொசுவின் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'அன்' என்றால் இன்மை, 'ஓஃபெலோஸ்' என்றால் பயன். நாம் அனாவசியம் என்கிறோமே, அதன் முன்னால் நிற்கும் வடமொழி 'அன்'னும் இதுவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஜெர்மானியப் பூச்சியியலாளர் மெய்கன் இந்தப் பெயரைச் சூட்டியது 1818இல். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டதோ 1897இல். ஆகவே பெயரில் முன்னறிவைத் தேடுவது வீண். அது வெறும் வசவு. கிள்ளானுக்கு உதவியது, அந்தப் பொதுப் பெயருக்குள் அடங்கிய வகைகளைப் பிரித்துப் பார்த்த அறிவுதான்.

மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டச் செய்தார். 1901இல் கிள்ளான் நகரிலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 334 பேர். 1905இல் 12 பேர். துறைமுகத்தில் 188 என்பது 11 ஆனது. காய்ச்சல் தானாகத் தணிந்திருக்கலாமே என்று கேட்கலாம். வடிகால் வெட்டாத சுற்றுப்புறங்களில் அதே காலத்தில் 197 என்பது 353 ஆக ஏறியதே! இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். அதை நம்பியவர்களும் சதுப்பைத்தானே வடித்திருப்பார்கள்? கடலோரத்தில் அது சரி. அங்கே இருந்த அம்ப்ரோசஸ் வகை, மரநிழல் விழும் தேங்கிய நீரில் முட்டையிடும். ஆனால் ரப்பர் தோட்டங்கள் மலைச்சரிவுக்கு ஏறியபோது கதை தலைகீழானது. அங்குள்ள மேக்குலேட்டஸ் வகைக்குப் பிடித்தது வெயில் படும் தெளிந்த ஓடை. காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதும் காய்ச்சல் பெருகியது. தோட்டத்து லயங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். நாற்றமே இல்லாத ஓடைக்குக் கெட்ட காற்றுக் கொள்கையிடம் பதில் கிடையாது. கடலோரத்தில் உயிர் காத்த அதே கோடரி மலையில் உயிர் எடுத்தது. அதனால்தான் வாட்சன் மலைப்பகுதியில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோனார், திறந்த நீரில் எண்ணெய் தெளிக்கச் செய்தார்.

மலேசியாவில் 2018 முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் நோலெசி மலேரியா இன்னும் இருக்கிறது. அதைக் கொண்டுவருவதும் அனாபிலிஸ் பேரினத்துக் கொசுதான்.