யார்டின் எஞ்சின்: டபிள்யூ.டி.எஸ்.-4

மதுரையின் அவனியாபுரத்துக்கு மேற்கே, திருப்பரங்குன்றம் வழியாகத் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் விரையும் எஞ்சின்களை மக்கள் நன்கு அறிவர்; அவை இழுக்கும் வண்டிகளின் பெட்டிகளை யார்டில் பிரித்தும் கோத்தும் வரிசைப்படுத்தும் ஷண்டிங் எஞ்சின்கள் அந்த அளவுக்குக் கவனம் பெற்றதில்லை. இப்பணிக்கென்றே உருவான சிறிய டீசல் எஞ்சின்களுள் குறிப்பிடத்தக்கது, மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1960களின் பிற்பகுதியிலிருந்து தயாரித்த டபிள்யூ.டி.எஸ்.-4 வகை. முதலெழுத்து 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையையும், அடுத்த இரண்டும் முறையே டீசலையும் ஷண்டிங்கையும் குறிக்கும். மதுரை அப்போது மீட்டர் பாதையில் இருந்ததால் இவ்வகைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

சுமார் 700 குதிரைத்திறனும் 60 டன் எடையும் கொண்ட இந்த எஞ்சினின் எடை முழுவதும் மூன்று அச்சுகள் மீதே அமர்கிறது. பாரமிக்க பெட்டிவரிசையை நிலையிலிருந்து இழுக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் தனித்து வழுக்கிச் சுழலாதபடி, நீராவி எஞ்சின்களில் இருந்ததைப் போலவே சக்கரங்கள் இணைப்புத் தண்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

இதன் சிறப்பு விசைகடத்தும் அமைப்பில் இருக்கிறது. பெரிய டீசல் எஞ்சின்கள் மின்னாக்கியைச் சுழற்றி, அந்த மின்சாரத்தால் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்க, இதிலோ எண்ணெயே விசையைக் கடத்துகிறது. எஞ்சினால் சுழலும் சக்கரம் ஒன்று எண்ணெயை வீச, எதிரேயுள்ள சுழலி அதை ஏற்றுச் சுழலும் இம்முறைக்கு முறுக்குவிசை மாற்றி என்று பெயர். புறப்படும்போது பெரும் இழுவையைத் தரும் இது, வேகம் கூடியபின் ஆற்றலில் ஒரு பகுதியை எண்ணெயைச் சூடாக்குவதிலேயே இழந்துவிடும். இந்தக் குறையைப் போக்க, குறைந்த வேகத்தில் எண்ணெய் வழியாகவும், வேகம் கூடியதும் நேரடி இயந்திரப் பிணைப்பு வழியாகவும் விசையைக் கடத்தும் முறையை இந்திய இரயில்வே பொறியாளர் எம்.எம். சூரி உருவாக்கினார். பின்னாளில் துர்காப்பூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய அவர், 1962இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். வெளிநாட்டு வடிவமைப்புகளையே பெரிதும் சார்ந்திருந்த அக்கால டீசல் துறையில், சூரி விசைகடத்தி என அழைக்கப்பட்ட இந்தச் சுதேசக் கண்டுபிடிப்பு டபிள்யூ.டி.எஸ்.-4இல் இடம்பெற்றது போற்றத்தக்க சாதனையாகும்.

1970களில் வாரணாசித் தொழிற்சாலை தயாரிக்கத் தொடங்கிய டபிள்யூ.டி.எஸ்.-6, ஏறத்தாழ இருமடங்கு திறனும் மின்வழி விசைகடத்தலும் கொண்டிருந்தது. ஆயினும் சிறிய ஷண்டிங் எஞ்சின்களின் தேவை சுருங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் சரக்குப் போக்குவரத்தின் மாற்றமே: தனித்தனி வேகன்களை யார்டுதோறும் பிரித்தனுப்பும் முறை அருகி, ஒரே சரக்கேற்றிய முழு ரேக்குகள் (வேகன் தொடர்கள்) புறப்பட்ட இடத்திலிருந்து சேருமிடம்வரை கலையாமல் ஓடத் தொடங்கின; எஞ்சிய ஷண்டிங் பணியின் பெரும்பகுதி, முதன்மைப் பாதைகளில் ஓடி வயதேறிய பெரிய டீசல் எஞ்சின்களிடம் சென்றது.