ஒருசாலை மாணாக்கரும் உண்மையான வாசிப்பும்

ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கல்வியில் கால் பங்குதான் என்றும், உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேரும் என்றும், எஞ்சிய அரைப் பங்கு பிறருக்குத் தெளிவுற எடுத்துரைக்கும்போதுதான் நிறையும் என்றும் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கணக்கிட்டு வைத்திருக்கிறார். பல நூற்றாண்டுகளாக நம்மிடையே வழங்கிவரும் அந்தக் கணக்கை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் மறந்துவிட்டோம். முழுப் பங்கையும் ஆசிரியர் தலையிலேயே சுமத்திவிட்டு, பக்கத்திலிருப்பவரோடு பேசுவதே குற்றம் என்று பிள்ளைகளை வாய்மூடி உட்கார வைத்திருக்கிறோம்.

இதனால் விளையும் பெருங்கேடு, விளங்கிக்கொண்டதாகப் பாவனை செய்யும் பழக்கம். பாடத்தில் ‘அவ்வாண்டு மழை பொய்த்ததால் ஊர்க் கிணறுகள் வற்றின’ என்றொரு வாக்கியம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். ‘ஊர்க் கிணறுகள் ஏன் வற்றின?’ என்பது வினா. மழை எப்படிப் பொய் சொல்லும் என்று உள்ளூர மயங்கும் சிறுமியும், ‘கிணறுகள்’, ‘வற்றின’ என்ற சொற்களை விரலால் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே பெயர்த்தெழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். விடை சரி, விளக்கமோ பூஜ்யம். வகுப்பே சிரிக்குமே என்ற அச்சத்தால் ஆசிரியரிடம் கேட்கத் துணியாத அவளுக்கு, அருகிலிருக்கும் தோழியிடம், “அதென்னடி, மழை பொய் சொல்லுமா?” என்று கேட்பதில் கூச்சம் இராது. தோழியும் சற்றே யோசித்து, “பெய்ய வேண்டிய நேரத்துல பெய்யாம ஏமாத்திடுச்சுடி” என்று சொல்ல முற்படுகையில்தான், தான் அறிந்திருந்தது எவ்வளவு என்பதைத் தானே அறிகிறாள். பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு அப்போது அவளுக்குச் சேர்கிறது.

பிள்ளைகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டால் மட்டும் இது நிகழ்ந்துவிடாது. சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் உபாத்தியாயர்கள் ஏற்கத் தயங்கியபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னர், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த ‘மதராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவிற்று. ஆயினும் அங்கே கற்பிக்க அமர்த்தப்பட்ட மாணாக்கரான சட்டாம்பிள்ளைகள் பெரும்பாலும் கேட்டது ஒப்பித்தலைத்தான். பொருள் விளங்கிற்றா என்பதையன்று.

அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் மார்க்கம் அன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இருக்கிறது. தடையின்றி வாசிக்கத் தெரிந்தும் பொருள்கொள்ளத் தடுமாறிய ஏழாம் வகுப்பு மாணாக்கரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, படித்த பகுதியைச் சுருக்கிச் சொல்லுதல், அதிலிருந்து வினா எழுப்புதல், விளங்காத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுதல், அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல் ஆகிய நான்கையும் முதலில் ஆசிரியரே செய்துகாட்டி, பிறகு அவர்களே முறைவைத்து ஆசிரியர் ஸ்தானத்தில் இருந்து நடத்துமாறு செய்தனர். வாசித்தறியும் திறன் தெளிவாக உயர்ந்தது. இந்நான்கில் மூன்றாவதையே நான் உயிராகக் கருதுகிறேன். ஒவ்வொருவர் முறையிலும் ‘எந்த இடம் விளங்கவில்லை?’ என்ற கேள்வி தவறாமல் வருமானால், விளங்கவில்லை என்று சொல்வது அவமானமாகத் தோன்றாமல் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியில் சமண சமயச் செய்திகள் விளங்காமல் இடர்ப்பட்டபோது, தம் பதவியைப் பாராமல் அவ்வூர்ச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார்; 1887-இல் அவருடைய சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. கேட்பதனால் பாண்டித்தியம் குறைவதில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தும்போது, கெட்டிக்காரப் பிள்ளை சொல்ல மற்றது எழுதிக்கொள்வதாக முடிந்துவிடாதபடி, கேட்கும் பொறுப்பும் விளக்கும் பொறுப்பும் மாறி மாறி வரவேண்டும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு, கீழ்வகுப்புக் குழந்தைகளிடம் கதை வாசித்துக் காட்டி அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை நம்பிக் கொடுக்கலாம். தன்னாலும் ஒருவருக்குச் சொல்லித்தர முடியும் என்ற தைரியம் பிறக்க அதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை. அப்படியும் வாய் திறக்கத் தயங்குவோர் இருப்பார்கள். பாட முடிவில் விளங்காத ஓரிடத்தைப் பெயரெழுதாத சீட்டில் குறித்துத் தரும்படி எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மறுநாள் வகுப்பை ஆசிரியர் அந்தச் சீட்டுகளிலிருந்தே தொடங்கலாம்.